ஹார்ன் ஊதும் என் அக்கா மகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனியில் முதல் ஹார்ன் வாசிக்கும் இடம் உனக்குத்தான் என்று அக்கா போனில் சொன்னாள். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1888-ல் சைக்கோவ்ஸ்கி தானே நின்று நடத்தி அரங்கேற்றிய படைப்பு. அதன் இரண்டாம் பகுதியில் வரும் சோலோவை வேலூர் சர்ச் பேண்டில் பழகிய ஒரு பிள்ளை ஊதப்போகிறான்!

நீ அனுப்பிய ரெக்கார்டிங்கை நாலு தடவை கேட்டேன். மேலே ஏறும்போது ஸ்வரம் உடைகிறது, உதட்டில் வலு போதவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஃப் சுருதியில் அமைந்த இந்தப் பித்தளை ஹார்ன் என்பது சுருட்டி வைத்த 12 அடிக் குழாய். டிரம்பெட்டில் அதில் பாதி நீளம்கூடக் கிடையாது. இவ்வளவு நீளமான குழாயில் மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். விரலை மாற்றாமலே, உதடு மயிரிழை தளர்ந்தால் போதும், பக்கத்து ஸ்வரத்தில் போய் விழுந்துவிடுவாய்.

அதனால் மூச்சு விடும் முன்பே அந்த ஸ்வரம் உன் காதில் கேட்டாக வேண்டும். ஹார்னை மடியில் வைத்துவிட்டு சோலோவை வாய்விட்டுப் பாடு. எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறதோ, அந்த இடத்தில்தான் ஹார்னும் உடைகிறது. ஒரு வாரம் பாடிப் பார்.

அப்புறம், இந்த வெயில். காற்று சூடாக ஆக ஹார்னின் சுருதி ஏறும். ஒரு மே மாதம் முழுக்க மாடி அறையில் 40 டிகிரி வெக்கையில் சாதகம் செய்தேன். சுருதியை இறக்க, நீளத்தை மாற்றும் குழாயான டியூனிங் ஸ்லைடை வெளியே இழுத்து வைத்தே பழகிவிட்டது. கச்சேரியோ ஏசி ஹாலில். எல்லோரும் சுருதி சேர்க்க ஓபோ என்ற மரக் குழல் கொடுத்த ஸ்வரத்துக்குச் சரியாகத்தான் சேர்த்துக்கொண்டேன். ஆனால் நீண்ட ஓய்வுக்குப் பிறகு நான் ஊதிய முதல் ஸ்வரம் தாழ்ந்து ஒலித்தது. சும்மா இருந்த நேரத்தில் குழாய் குளிர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

உன் சோலோவுக்கு முன் தந்திக் கருவிகள் மட்டும் தாழ்ந்த ஸ்தாயியில் வாசிக்கும். அந்த நேரத்தை விட்டுவிடாதே. சத்தம் வராமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டே இரு.

மேடையில் உனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ரிஹர்சலிலேயே பார்த்துவிடு. ஹார்னின் வாய் பின்பக்கம் பார்ப்பதால், சபைக்குப் போவதில் பெரும்பங்கு சுவரில் பட்டுத் திரும்பும் நாதம். பாலாற்று மணலில் நாம் விடியற்காலையில் ஊதியபோது ஒலி அப்படியே கரைந்துபோகுமே, நினைவிருக்கிறதா? கனத்த திரை தொங்கினாலும் அதே கதிதான். அதற்காக முரட்டுத்தனமாக ஊதாதே. பின்னால் ஒரு மரப்பலகை வைத்துத் தரச் சொல்லிக் கேள், கூச்சப்படாதே.

அக்காவுக்கும் எனக்கும் காட்பாடியிலிருந்து டிக்கெட் எடுத்தாயிற்று. வால்வு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றாயே, என்னிடம் ஒரு புட்டி இருக்கிறது. கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா