மலசலகூடக் கழிவுக் குழாய்களின் அளவையும் சரிவையும் மண் மூடுமுன் பரிசோதிக்கக் கோரும் மனு

உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அவர்கள்,
உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகம்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

நாங்கள் மட்டிக்களிப் பக்கம் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கும் குடும்பங்கள். கட்டட அனுமதிக்காக நாங்கள் கொடுத்த வீட்டுப் படங்களில் அறையின் நீள அகலம், ஜன்னல், எல்லையிலிருந்து விட்ட இடைவெளி எல்லாம் இருக்கின்றன. மலசலகூடத்திலிருந்து மலக்குழிக்குப் போகும் குழாய் மட்டும் வெறும் கோடாக இருக்கிறது. அது எத்தனை மில்லிமீற்றர், எவ்வளவு சரிவு என்று எதுவும் இல்லை. இனிமேல் அதை எழுத வைக்க வேண்டும், குழாயை மண்ணால் மூடுமுன் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மனு.

எங்கள் ஒழுங்கையில் சில வீடுகளின் கழிவு ஒரே குழாயில் சேர்ந்து பொது மலக்குழிக்குப் போகிறது. வீடுகளிலிருந்து 110 மில்லிமீற்றர், அதாவது கடையில் நாலு இஞ்சி என்று கேட்டு வாங்கும் குழாய்தான் வருகிறது. ஆனால் ஒழுங்கையைக் கடக்கும் இடத்தில் அது 90 மில்லிமீற்றராகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வேலையை எடுத்துச் செய்தவர்களிடம் அன்று கையில் இருந்தது அந்தத் துண்டுதான் போலும். 110 இலிருந்து 90 க்கு இறங்கினால் குழாயின் உள்வாய்ப் பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அளவு மாறும் அந்த விளிம்பில் துணித் துண்டோ தலைமுடியோ சிக்கினால் அப்புறம் வருவதெல்லாம் அதன்மேல் படியும். கழிவுக் குழாய் போகும் திசையில் ஒருபோதும் சிறுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அடைப்பு ஏற்படும்போதெல்லாம் கடைசி வீட்டு மலசலகூடத்திலும் குளியலறையிலும்தான் கழிவு மேலே வருகிறது. அந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் வயோதிப அம்மா ஒருவர் இருக்கிறார்.

இதற்கு நேர்மாறான தவறையும் எங்கள் பகுதியில் பார்க்கிறோம். சிறிய குழாய் அடைத்தது என்ற கோபத்தில், ஒரேயொரு மலசலகூடத்துக்கு ஆறு இஞ்சி, அதாவது 160 மில்லிமீற்றர் குழாய் போடுகிறார்கள். பெரியது போட்டால் அடைக்காது என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. அது சரியல்ல. இப்போது விற்கும் கொமட்டுகள் பல ஒரு தடவைக்கு 6 லீற்றர் தண்ணீர்தான் விடுகின்றன. வாளியில் அள்ளி ஊற்றுபவர்கள் அதிலும் குறைவாக ஊற்றுவதுண்டு. அந்தத் தண்ணீர் 110 குழாயில் ஓரளவு ஆழத்தோடு ஓடி மலத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அகலமான குழாயில் அது அடியில் பரவி மெலிந்துவிடும். தண்ணீர் போய்விடும், மலம் இருந்த இடத்திலேயே காயும்.

ஆகவே ஒரு வீட்டுக்கு, அதில் இரண்டு மூன்று மலசலகூடங்கள் இருந்தாலும், 110 மில்லிமீற்றர் போதும். கை கழுவும் பேசினுக்கு 40, குசினி சிங்குக்கு 50 தாராளம். பல வீடுகள் சேரும் பொதுக் குழாய்க்குத்தான் 160 பொருத்தம். மலசலகூடக் கழிவை 63 அல்லது 75 மில்லிமீற்றர் குழாயில் விடுவதை எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. வாடகைக்கு விடுவதற்காக வீட்டின் பின்புறம் அறை இறக்குபவர்கள் செலவைப் பார்த்து இதைத்தான் செய்கிறார்கள்.

அளவோடு சரிவையும் பார்க்க வேண்டும். உவர்மலையில் வீடு கட்டுபவருக்கு நிலமே சரிவு கொடுத்துவிடும். எங்களுக்கு அப்படி இல்லை, வளவு தட்டையாகக் கிடக்கிறது. 110 குழாய்க்கு 40 க்கு 1 என்ற சரிவு கொடுத்தால் 10 மீற்றர் தூரத்தில் 25 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். மலக்குழியை வளவின் கோடியில் 20 மீற்றர் தள்ளி வைத்தால் அரை மீற்றர் இறங்கும். அவ்வளவு ஆழத்தில் மாரி காலத்தில் எங்கள் நிலத்தில் தண்ணீர் நிற்கும். நிலத்தடி நீர் மலக்குழியின் நுழைவாயைத் தாண்டி ஏறிவிட்டால் எந்த அளவுக் குழாய் போட்டும் பயனில்லை. கிணறுகளுக்கு விட வேண்டிய தூரத்தை விட்டபின், மலக்குழியை வீட்டுக்கு இயன்றளவு அருகில் வைத்து, அத்திவாரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவதே வழி. இதை அத்திவாரம் போடுமுன் தீர்மானிக்க வேண்டும், அதனால்தான் வரைபடத்திலேயே வேண்டும் என்கிறோம்.

பிரித்தானியக் கட்டட வழிகாட்டியில் 100 மில்லிமீற்றர் குழாயை (எங்கள் 110 போன்றது), ஒரு மலசலகூடமாவது இணைந்திருந்தால், 80 க்கு 1 வரை தட்டையாகப் போடலாம் என்கிறார்கள். 150 மில்லிமீற்றர் குழாயை (எங்கள் 160 போன்றது) 150 க்கு 1 வரை போடலாம், ஆனால் குறைந்தது ஐந்து மலசலகூடங்கள் அதில் சேர வேண்டும். தட்டையான நிலத்துக்குப் பெரிய குழாய் என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

மழை வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளவில் நிற்கும் வெள்ளத்தை மேன்ஹோல் மூடியைத் திறந்து கழிவுக் குழாய்க்குள் விடுவது சில இடங்களில் நடக்கிறது. எங்கள் கரையோர மணல் அதோடு உள்ளே போய்ப் படிந்துவிடும், பிறகு அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது.

தங்கள் அதிகாரத்துக்குட்பட்ட உள்ளூராட்சி சபைகளுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்புமாறு பணிவுடன் கேட்கிறோம். கட்டட வரைபடத்தில் கழிவுக் குழாயின் விட்டம், சரிவு, வீட்டுத் தரை மட்டம், மலக்குழி நுழைவாயின் மட்டம் ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும். குழாய் போட்டு மூடுமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும், அந்தக் கையொப்பம் இல்லாமல் இணக்கச் சான்றிதழ் வழங்கக் கூடாது. மூலைகளில் மேன்ஹோல் இருக்கிறதா, குழாய்கள் சேரும் இடத்தில் நேராகச் சேரும் டீ (T) இணைப்புக்குப் பதில் சாய்வாகச் சேரும் வை (Y) இணைப்புப் போட்டிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். விண்ணப்பப் படிவத்தோடு இந்த அளவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், வீட்டுக்காரர் மேசனிடம் அதை நீட்டிப் பேச முடியும். இப்போது எங்கள் கையில் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

எங்கள் ஒழுங்கையைப் பொறுத்தவரை, அடுத்த மாரி தொடங்குமுன் ஓர் உத்தியோகத்தரை அனுப்பி மட்டம் எடுத்து, அந்த 90 மில்லிமீற்றர் துண்டை அகற்றி, அங்கிருந்து மலக்குழி வரை 160 குழாய் போட ஆவன செய்ய வேண்டும். தோண்டும் கூலியை நாங்கள் பகிர்ந்துகொள்ளத் தயார். பார்வையிட வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால் எல்லா வீட்டு மேன்ஹோல்களையும் திறந்து வைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒழுங்கை வாசிகள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்: பிரதேச செயலாளர், பட்டினமும் சூழலும்
சுகாதார வைத்திய அதிகாரி, திருகோணமலை