சாவியை விட்ட நொடியில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. "இன்னும் அந்தப் பிஸ்டன் இன்ஜின்களோடுதான் மல்லுக்கட்டுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். ஆம், அதே மல்லுக்கட்டுதான். உன் ஏர்பஸ்ஸில் ஒரு ஸ்டார்ட் தவறினால் கணினியே காரணத்தைத் திரையில் எழுதிக் காட்டிவிடும். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மாணவர்கள்தாம் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது ஒரே வரி: "சில சமயம் ஸ்டார்ட் ஆவதில்லை." அதற்குக் கீழே எங்கள் ஆட்கள் எழுதுவதும் ஒரே வரி: "தரையில் சோதித்தோம், சரியாக இருக்கிறது." இந்த இரண்டு வரிகளும் மாறி மாறிப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு விமானத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

1970-களில் பிறந்த செஸ்னா 172. லைகாமிங் ஓ-320 இன்ஜின், 150 குதிரைத்திறன், கார்புரேட்டர் ரகம். நாம் படிக்கும்போது கழற்றி மாட்டியது போன்றதுதான். ஸ்டார்ட்டர் ஒழுங்காகச் சுற்றும், ப்ரொப்பெல்லரும் சுழலும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. காலையா மதியமா, சூடா குளிரா என்று ஒரு கணக்கும் இல்லை. இன்றைக்குப் பத்து முறை சமர்த்தாக இருக்கும், மறுநாள் மாணவனை ஓடுதளத்தின் ஓரத்தில் வியர்க்க வைக்கும்.

நான் இதில் கை வைப்பதற்கு முன்பே பேட்டரியை மாற்றியிருந்தார்கள். பிறகு ஸ்டார்ட்டரையும் மாற்றினார்கள். ஸ்டார்ட்டர் சுற்றுகிற விமானத்துக்குப் பேட்டரி எதற்கு என்று கேட்க ஆளில்லை. சுற்றவே இல்லை என்பது ஒரு நோய். சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை என்பது வேறு நோய். முதலாவதற்கு பேட்டரி, ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் கான்டாக்டர், இன்ஜினையும் உடற்சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை என்று தேடலாம். (அந்தப் பட்டையை யாருமே பார்ப்பதில்லை. இன்ஜின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் திரும்பிப்போக அந்தப் பின்னல் ஒன்றுதான் நல்ல வழி. அது தளர்ந்தால் த்ராட்டில் கேபிள் வழியாகக்கூடப் பாயும்.) இரண்டாவது நோய்க்கு எரிபொருள், தீப்பொறி இரண்டில் ஒன்றுதான் காரணம்.

மாணவர்கள் த்ராட்டிலை அடித்து அடித்து இன்ஜினைப் பெட்ரோலில் மூழ்கடிக்கிறார்கள் என்பது பயிற்சியாளர்களின் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை; ஆனால் மூழ்கிய இன்ஜின் அடியில் சொட்டும், 100எல்எல் பெட்ரோல் நீல நிறம், மறைத்துவைக்க முடியாது. இரண்டு முறை அது அடம்பிடித்தபோது ஓடிப்போய் மூக்குச் சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்துகிடந்தது.

பிறகு மாணவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று மட்டும் சொல்லச் சொன்னேன், காரணம் சொல்ல வேண்டாம் என்றேன். ஒரு பெண் சொன்னாள்: "வெறுத்துப்போய்ச் சாவியை விடுவேன் சார், விட்ட நொடியில் பிடித்துக்கொள்ளும்." இவ்வளவு நாளும் இதை யாரும் எழுதவில்லை. கடைசியில் ஸ்டார்ட் ஆகிவிட்டதே, அதை ஏன் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஜெட் பக்கம் போய் உனக்கு மறந்திருக்கும், நினைவூட்டுகிறேன். பிளக்குகளுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ, இன்ஜினோடு சேர்ந்து சுழலும் காந்தக் கருவி; இடது, வலது என்று இரண்டு உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்தில் அதனால் உருப்படியான தீப்பொறி தர முடியாது. அதனால் இந்த விமானத்தில் இடது மேக்னெட்டோவுக்கு மட்டும் இம்பல்ஸ் கப்ளிங் உண்டு. உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறி, 'டக்'கென்று விடுபட்டு, காந்தத்தை ஒரு கணம் வேகமாகச் சுண்டிவிடும். தீப்பொறியும் பிஸ்டன் உச்சிக்கு வரும் வரை தாமதப்படும். வலது மேக்னெட்டோ உச்சிக்கு 25 பாகை முன்னதாகவே பொறி விடும். ஸ்டார்ட்டின்போது அதை விட்டால் இன்ஜின் பின்னுக்கு உதைக்கும். ஆகவே சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போது வலது எர்த் ஆகி அடங்கியிருக்கும், இடது மட்டும் வேலை செய்யும். சாவியை விட்டதும் அது 'இரண்டும்' நிலைக்குத் திரும்பும்.

இப்போது அந்தப் பெண் சொன்னதை வைத்துப் பார். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும் வரை இடதும் செத்துக்கிடக்கிறது. விட்டதும் உயிர் வருகிறது. ப்ரொப்பெல்லர் இன்னும் ஓரிரு சுற்று சுற்றிக்கொண்டிருப்பதால் பிடித்துக்கொள்கிறது.

மேல் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மற்ற வயர்களையும் எடுத்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். அரைச் சுற்றுக்கு ஒரு 'டக்', தவறாமல் வந்தது. கப்ளிங் மேல் குற்றமில்லை. மிச்சம் இருந்தது பி-லீடும் (மேக்னெட்டோவை எர்த் செய்து அடக்க ஸ்விட்சுக்குப் போகும் வயர்) இக்னிஷன் ஸ்விட்சும். பி-லீடைக் கழற்றினால் மேக்னெட்டோ அடங்காது, நேர்மாறாக எப்போதும் உயிரோடு இருக்கும். கார் பார்த்துப் பழகிய கைக்கு இது ஏறவே ஏறாது. புதிய பையன்களுக்கு ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்கிறேன். கான்டாக்டரின் சிறு வயரையும் கழற்றி ஸ்டார்ட்டரை முடக்கிவிட்டு, இடது பி-லீடின் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். பையன் காக்பிட்டில் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டில் மீட்டர் மௌனமாக இருந்தது, இருக்க வேண்டியபடியே. மறுபடி திருப்பினான், அப்போதும் மௌனம். "பயந்துபோன மாணவன் எப்படித் திருப்புவான்? அப்படித் திருப்பு" என்றேன். முழு பலத்தோடு, சாவியைக் கீழ்ப்பக்கம் சாய்த்து அழுத்தித் திருப்பினான். மீட்டர் 'பீப்' என்று அலறியது. இடது எர்த் ஆகிவிட்டது!

ஒரு மூத்த பயிற்சியாளருக்கு மட்டும் இந்த விமானம் ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. அவர் சாவியை இரண்டு விரலால் பூட்டைத் திறப்பதுபோல நேராகத் திருப்புவார். "கைராசி வேண்டும்" என்று மாணவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தேன். தொடுமுனைகள் தேய்ந்து, பழைய கிரீஸில் செம்புத்தூள் கலந்து கருப்பாக அப்பிக்கிடந்தது. கான்டாக்டர் சுருளின் குறுக்கே ஒரு டயோடு இருக்க வேண்டுமே, அதன் ஒரு கால் முறிந்து தொங்கியது. அது இல்லையென்றால் சாவியை விடும்போதெல்லாம் சுருளிலிருந்து எழும் உதை மின்சாரம் ஸ்விட்சுக்குள்ளேயே பொறி விடும். தூள் வந்த வழி அதுதான் என்பது என் கணிப்பு. புதிய ஸ்விட்சும் டயோடும் போட்டு, ஐந்து நிலைகளிலும் சாவியைச் சாய்த்தும் அழுத்தியும் மீட்டரில் பார்த்தேன். பிறகு ஓடும் இன்ஜினை ஐடிலில் வைத்து ஒரு கணம் ஆஃப் செய்து, அடங்குகிறதா என்றும் பார்த்தேன்.

இதற்காக விமானத்தைக் கூடுதலாக நிறுத்திவைத்ததில் அலுவலகத்துக்குக் கோபம். இதே ஸ்விட்ச் எதிர்ப்பக்கம் கெட்டு, ஆஃபில் எர்த் ஆகாமல் இருந்தால், ஆஃப் என்று நம்பி ப்ரொப்பெல்லரைத் தொட்டவன் கதி என்ன என்று கேட்டேன். பதில் வரவில்லை. கழற்றிய பழைய பேட்டரியை வேறு விமானத்தில் போடலாமா என்று மட்டும் கேட்டார்கள். தாராளமாகப் போடலாம், அதற்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம், மகளுக்கு வரன் அமைந்தது கேட்டு வீட்டில் ஒரே மகிழ்ச்சி. தேதி உறுதியானதும் உடனே எழுது. தை மாதம் என்றால் ரயிலில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உன் பழைய அறைத்தோழன்