கிலோமீட்டர் கட்டத்தை நம்பி சைக்கிள் வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலைச் சைக்கிள், மின் சைக்கிள் வாங்குவது பற்றி நீங்கள் போட்டிருந்த பட்டியலைப் பார்த்தேன். கியர் எத்தனை, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், வேகம் எவ்வளவு, அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படிப் பார்த்துத்தான் வாங்கி ஏமாந்தேன்.

நான் எடுத்தது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் (குலுங்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) வைத்த மலைச் சைக்கிள், 21 கியர். ஓட்டியதெல்லாம் தார் ரோட்டில். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் வண்டி மேலும் கீழும் ஆடுமே தவிர முன்னால் நகராது, மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைப் பின்பக்க ஸ்பிரிங் தின்றுவிடும். தார் ரோடும் மண் பாதையும்தான் என்றால் 100 மி.மீ. அமுங்கும் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) தாராளம், அது அமுங்காமல் பூட்டிவைக்க லாக்அவுட் இருந்தால் இன்னும் நல்லது. கல்லும் வேருமாக இருக்கிற இறக்கங்களில் இறங்குகிறவர்களுக்குத்தான் பின் சஸ்பென்ஷன் தேவை. அப்புறம் அந்த 21 கியர்: முன்னால் 3, பின்னால் 7, பெருக்கிச் சொல்கிறார்கள். அதில் பல ஜோடிகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். இப்போது நல்ல மலைச் சைக்கிள்களில் முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் 12 என்று வருகிறது. மேடு ஏறுவதற்கு அதுவே தாராளம்.

அளவைப் பற்றிப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. என் வண்டி எனக்கு ஒரு சைஸ் பெரியது, ஹேண்டில்பாரை எட்டி எட்டிப் பிடித்தே தோள்பட்டை போனது. குறுக்குக் குழாயின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்று பாருங்கள், நாலு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும்.

சரி, மின் சைக்கிளுக்கு வருகிறேன். ஸ்டிக்கரில் இருக்கும் கிலோமீட்டர், எடை குறைந்த ஒருவர் சமதளத்தில் காற்று இல்லாத நாளில் மோட்டாரைக் குறைந்த அளவில் வைத்து ஓட்டினால் கிடைப்பது. அதை விட்டுவிட்டு பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்கள், அதில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பது வாட்-ஹவரில் தெரிந்துவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 360 வாட்-ஹவர். நாமும் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 15 வாட்-ஹவர் செலவாகும், ஆக 24 முதல் 36 கிலோமீட்டர். மிதிக்காமல் போனாலோ மேடாக இருந்தாலோ அதுவும் கிடைக்காது, பேட்டரிக்கு வயதாக ஆக இன்னும் குறையும்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது, அதுவும் ஒரு மேட்டில். மோட்டார் எப்போது தள்ள வேண்டும் என்று சொல்கிற சென்சாரில் இரண்டு வகை: பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிற சென்சார் ஒன்று, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று பார்க்கிற டார்க் சென்சார் இன்னொன்று. முதல் வகையில் மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு கணம் தள்ளும், திருப்பத்தில் அந்த ஒரு கணம் போதும் வயிற்றைக் கலக்க. மோட்டார் பெடலுக்கு நடுவில் இருந்தால் கியரோடு சேர்ந்து மேட்டை நன்றாக ஏறும், ஆனால் செயின் சீக்கிரம் தேயும். சக்கரத்தில் இருப்பது எளிமையானது, செங்குத்தான மேட்டில் திணறும். தினமும் சமதளத்தில் போகிறவருக்கு அதுவே போதும் என்பேன்.

ஒரு தடவை தூக்கியும் பாருங்கள். 20 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டியை மாடிப்படியில் தினமும் ஏற்ற முடியுமா? பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய் சார்ஜ் செய்ய முடிகிறதா என்றும் கேளுங்கள். அதோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள், லித்தியம் பேட்டரி விளையாட்டுப் பொருள் இல்லை.

அடுத்த முறை பட்டியல் போடும்போது அந்தக் கிலோமீட்டர் கட்டத்தை எடுத்துவிட்டு வாட்-ஹவரையும் எடையையும் போடுங்கள், ஆசிரியரே.

இப்படிக்கு,
தோள்பட்டை வலியோடு ஒரு வாசகர்