அம்மாவுக்காக வந்து நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் தாயாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது. துக்க வீட்டில் யாரும் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அதனால் வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எங்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

திருவையாற்றுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அம்மாவுக்குப் 'பட்டாளத்தார் வீட்டம்மா' என்றுதான் பெயர். அப்பா வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் வந்து போவார். மற்ற மாதங்களில் நிலம், மாடு, மாமியார், பிள்ளைகள் எல்லாம் அம்மா பாடு. இதில் எது பெரும்பாடு என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: முறைத் தண்ணீர். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தாலும், நம் வயலுக்கான முறை நடுராத்திரியில்தான் வந்து வாய்க்கும். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு, மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாக மடை திறக்கப் போன அம்மாவைப் பார்த்து, "நீ போய்ப் படு தங்கச்சி, ஒன் வயலுக்கும் நானே வெட்டி விடுறேன்" என்றவர் கீழத்தெரு மாமா. சொன்னது ஒரு ராத்திரிக்கு. செய்தது அப்பா ஓய்வுபெற்று வரும்வரை. எண்பதைத் தாண்டிய இந்த வயதிலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுடுகாடுவரை நடந்து வந்தார். மாமா, எங்கள் வீட்டுக் குதிரில் நெல் இருந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று ஒவ்வொரு குறுவைக்கும் அம்மா எங்களிடம் சொல்வார். உங்களிடம் சொன்னாரோ என்னவோ, நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

1987-இல் அப்பாவின் படைப்பிரிவு அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனது. அம்மா அந்நாட்களில் வானொலிச் செய்தியைக் கேட்கவும் மாட்டார், அணைக்கவும் விடமாட்டார். கடிதம் இருந்தால் எங்கள் தபால்கார அண்ணன் தெருமுனையிலேயே சைக்கிள் மணியை அடித்துவிடுவார். ஓய்வுபெற்ற பிறகும் துக்கத்துக்கு அதே தெருவழியாக வந்தார். அந்தப் படையைப் பற்றி ஊரில் கோபமாகப் பேசியவர்கள் உண்டு, அதற்கு அவர்களுக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அம்மா காதுபட ஒருவரும் பேசவில்லை. 1990 மார்ச்சில் படை முழுக்கத் திரும்பும்வரை அப்படி வாயை அடக்கிக்கொண்ட பெரியவர்களுக்கும் நன்றி. இது சின்ன விஷயம் இல்லை.

நடுவில் கொஞ்ச காலம் அம்மா ஜபல்பூர் குடியிருப்பில் அப்பாவோடு இருந்தார். அங்கே ஒரு பஞ்சாபி அக்காவிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டு வந்து, தஞ்சாவூர் வெயிலில் எங்களுக்குப் போட்டு அழகு பார்த்தார்! அந்தப் பெரியம்மா குர்தாஸ்பூரிலிருந்து போனில் அழுதார். மொழி புரியாவிட்டாலும் சேர்ந்து அழ முடிந்தது.

அப்பா காலமான பிறகு குடும்ப ஓய்வூதியத் தாள்களை எழுதி, கையெழுத்து வாங்கி, தானே கொண்டுபோய்க் கொடுத்தவர் பக்கத்து ஊர் சுபேதார் ஐயா. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவின் ஈ.சி.எச்.எஸ். அட்டை (முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்ட அட்டை) செல்லுமா செல்லாதா என்று அலையவிட்டபோதும், பரிந்துரைச் சீட்டோடு வந்து உட்கார்ந்தவர் அவர்தான். ரத்தம் கொடுத்த கல்லூரித் தம்பிகளே, உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவசியம் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.

நீர்மாலைக்குக் கூட வந்த அத்தைமார், புஷ்யமண்டபப் படித்துறையில் அஸ்தி கரைக்கத் துணை நின்ற பங்காளிகள், சமையலைக் கையில் எடுத்துக்கொண்ட மேலத்தெருப் பெண்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

அப்புறம் ஒரு விஷயம். காரியத்துக்கு இரவல் வாங்கிய பாத்திரங்களில், 'மேலவீடு' என்று பெயர் வெட்டிய பித்தளை அண்டா ஒன்று இன்னும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை அம்மா ஒரு நாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. உரியவர்கள் வந்தால் அரிசி போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்