ஆளில்லாத ஆடை

ஆசிரியருக்கு,

ஜப்பானியப் பெண் சிற்பிகள் பற்றிய ஞாயிறு கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் சிஹாரு ஷியோட்டாவை ‘நூல் கலைஞர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! 1972இல் ஒசாகாவில் பிறந்து பெர்லினில் வாழ்பவர். அவருடைய ஒரு படைப்பில், உலோகச் சட்டத்துக்குள் ஒரு வெள்ளை கவுன். சுற்றிலும் கறுப்பு நூல், சிலந்தி வலைபோல. உள்ளே ஆளில்லை, யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டுப் போனதுபோல் தொங்குகிறது. சுவரில் மாட்டும் கேன்வாஸிலோ சிவப்பு நூல் ரத்தநாளமாகப் படர்கிறது. சேரவேண்டியவர்களைக் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூல் இணைக்கிறது என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை.

அப்புறம், நூல்வேலையைப் பெண்களின் பொழுதுபோக்கு என்கிறார் கட்டுரையாளர். 2015இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஜப்பான் அரங்கையே சிவப்பு நூலாலும் ஆயிரக்கணக்கான பழைய சாவிகளாலும் நிரப்பியவர் இவர். ஒரு படமாவது போட்டிருக்கலாம்.

– வாசகி, மதுரை