நான் சாகவில்லை, நன்றி சொல்ல வந்தேன்

போன வாரம் டிவி சீரியலில் என்னைக் கொன்றுவிட்டார்கள், அதிலிருந்து போனில் அனுதாபச் செய்திகள் நிற்கவில்லை, எங்கள் டர்பனில் இந்திய வம்சாவளிக்காரர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதி மார்க்கெட்டில் காய்கறி விற்கிற அம்மா என்னை நேரில் பார்த்த பிறகும் "பாவம்ப்பா நீ" என்று கூடுதலாக ஒரு பிடி கறிவேப்பிலை போட்டுக் கொடுத்தார். சரி, செத்தது அந்தப் பாத்திரம்தான். ஆனால் இத்தனை வருஷம் நான் இந்தத் தொழிலில் நின்றதற்குக் காரணமானவர்கள் யாருடைய பேரும் டைட்டிலில் வராது, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கிற அத்தை. நம் தென்னாப்பிரிக்காவில் சீரியல்களைப் பெரும்பாலும் ஜோஹன்னஸ்பர்க்கில்தான் எடுக்கிறார்கள், டர்பனிலிருந்து ரோட்டில் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். ரெண்டு வரி வசனத்துக்கு வருகிற காசு பெட்ரோலுக்கே போய்விடும், இதில் லாட்ஜுக்கு எங்கே போவது? அத்தை வீட்டு சோபாதான் லாட்ஜ். விடியற்காலை ஷூட்டிங் என்றால் எனக்கு முன்னால் எழுந்து ரொட்டி சுட்டு, உள்ளே உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிக் கொடுப்பார். மாமா ஒன்றும் பேச மாட்டார், கார் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்.

அப்புறம் கோயில் ஹால் நாடகக் குழு அண்ணன்மார். தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976இல்தான். நாடகம் எழுதிய ரோனி கோவெண்டரும் கெஸ்ஸி கோவெண்டரும் அந்தக் காலத்திலேயே நம் தெருக்காரர்களை நாடக மேடையில் ஏற்றிவிட்டார்கள், எங்கள் அண்ணன்மார் அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். வசனத்தை முழுங்கினால் கடைசி வரிசையிலிருந்து செருப்பைத் தரையில் தட்டுவார்கள். இன்றைக்கும், சட்டையில் மைக் குத்தியிருந்தாலும், நான் கடைசி வரிசைக்குத்தான் பேசுகிறேன். சவுண்ட் தம்பிகளுக்கு அதில் எரிச்சல், அவர்களுக்கும் நன்றி.

ஏஜென்ட் அக்காவை விட முடியாது. ஒரு விளம்பரத்துக்குப் போனபோது தலையை ஆட்டி ஆட்டி இந்தியாக்காரன் மாதிரிப் பேசச் சொன்னார்கள். 1860இல் தொடங்கி இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சம் நான், இந்தியாவை மேப்பில்தான் பார்த்திருக்கிறேன். முடியாது என்றால் அடுத்த வேலை வராதே என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, "நீ வா, நான் பேசிக்கிறேன்" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தவர் அவர். அவருடைய கமிஷனும்தான் அன்றைக்குப் போனது.

2017இல் 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' வந்தது, ஜெயன் மூட்லி இயக்கிய படம், சாட்ஸ்வொர்த்திலேயே நடக்கிற கதை. நான் அதில் இல்லை, தயவுசெய்து இனிமேலாவது கேட்காதீர்கள். ஆனால் நம் வீட்டுச் சண்டையைப் பார்க்கவும் டிக்கெட் வாங்க ஆள் இருக்கிறது என்று அந்தக் குழு காட்டிவிட்டது. அதற்கு அப்புறம் எனக்கு வந்த வேஷங்களில் பாதிக்கு மேல் கடைக்காரன் இல்லை, அதுவே பெரிய விஷயம்.

இங்கே நடிகனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. சீரியலை மறுபடி போட்டாலும் பொதுவாகக் கையில் ஒன்றும் வராது, அதை மாற்றுவதற்கான சட்டம் நாடாளுமன்றம், கோர்ட் என்று வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. எங்கள் வீட்டுக் கடனைக் கட்டியது நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ், என் மனைவி. நேரில் நன்றி சொன்னால் குப்பையைக் கொண்டுபோய்ப் போடச் சொல்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்தது என்ன என்று கேட்கிறவர்களுக்கு: வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாடி வளர்க்கிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள்.