டீ கொடுக்க மறுத்த அண்ணனுக்கு

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். சத்துக்குறைவுக்காகப் பத்தொன்பது நாள் அங்கே இருந்தோம். கையைச் சுற்றி அளக்கும் நாடாவில் சிவப்பைத் தாண்டிவிட்டாள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, அதாவது பிள்ளை ஆபத்தான அளவுக்கு மெலிந்திருக்கிறது; அதற்கு மேலே 12.5 வரை மஞ்சள். இப்போது மஞ்சள். நடந்ததெல்லாம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரிடம் என் அம்மா சொல்லியிருப்பார். நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி தர்மபுரியில் ஆஸ்பத்திரிக்கு எதிரே தள்ளுவண்டியில் டீ போடும் அண்ணனுக்கு. பெயர் கேட்கவில்லை. பெண்கள் வார்டில் எல்லோருக்கும் அவர் ‘டீக்கார அண்ணன்’தான்.

எனக்கும் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் வண்டிப் பக்கம் நின்று மாத்திரையை வாயில் போட்டு, டீக்குக் கை நீட்டினேன். அவர் டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அது இரும்புச்சத்து மாத்திரைதானே? அதோட டீ குடிச்சா வீண்தாம்மா. என் வீட்டுக்காரம்மாவுக்கு இதே கதை. நர்ஸ்கிட்ட நான்தான் திட்டு வாங்கினேன்.”

எலுமிச்சம்பழம் ஒன்றை வண்டிப் பலகையில் உருட்டி நசுக்கி, அறுத்துப் பிழிந்து, விழுந்த கொட்டைகளை விரல் நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பின்னால் நாலு பேர் டீக்கு நிற்கிறார்கள். உப்பும் சர்க்கரையும் போட்டு அதே டீ டம்ளரில் நீட்டினார். டீக்காசுதான் வாங்கினார். அன்றிலிருந்து ஊருக்குக் கிளம்பும் வரை, தூரத்தில் என் தலை தெரிந்தாலே பழத்தை உருட்ட ஆரம்பித்துவிடுவார். டீயை விற்றுப் பிழைக்கிறவர் டீ வேண்டாம் என்று சொன்னது இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

நர்ஸம்மாவிடம் கேட்டேன். சரிதான் என்றார். டீயிலிருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம், எலுமிச்சையின் வைட்டமின் சி சேர வைக்குமாம். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மாசமாக இருந்தபோது 11 இருக்க வேண்டிய ரத்த அளவு (ஹீமோகுளோபின்) எனக்கு 8-ஐத் தாண்டவில்லை. 180 நாள் சாப்பிடச் சொன்ன சிவப்பு மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. அத்தனையும் டீயோடு! அதற்கும் முன்னால், பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுத்த நீல இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்தவளும் நான்தான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நிறையச் சாப்பிட்டால் பிரசவம் கஷ்டம் என்று யாரோ சொன்னதை நம்பினேன். வீட்டில் எல்லோரும் களி தின்றபின் சட்டியில் ஒட்டியிருந்ததுதான் என் பங்கு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பழக்கம்.

அப்புறம், மழையில் வீடு தேடி வந்து கையளந்து, “இன்னைக்கே கிளம்பு” என்று விடாப்பிடியாக நின்ற அங்கன்வாடி டீச்சர், 108 வண்டிக்காரர்கள், பாப்பா துப்பத் துப்பச் சலிக்காமல் ஊட்டிய நர்ஸம்மாக்கள், தன் சேலையைத் தூளி கட்டக் கொடுத்த அஞ்செட்டி அக்கா, பெங்களூரில் என் வீட்டுக்காரருக்குக் கேட்டவுடன் அட்வான்ஸ் கொடுத்த மேஸ்திரி, எல்லோருக்கும் கும்பிடு. என் மாமியாருக்கும். பல் முளைக்கிற வரைக்கும் கஞ்சித்தண்ணி போதும் என்றவர், இப்போது கேவுருக் கூழில் நெய் விட்டு, முட்டையின் மஞ்சள் கருவை மசித்து ஊட்டுகிறார்.

என் தங்கை பத்தாவது படிக்கிறாள். இனி அவள் மாத்திரையை அம்மா கண் முன்னால்தான் விழுங்குவாள், நான் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கும் அவள் கடைசியாக உட்காரப் போவதில்லை.

அண்ணா, செவ்வாய்க்கிழமை பாப்பாவைக் காட்ட வருகிறோம். கொல்லை மரத்துப் பழம் ஒரு பை எடுத்து வருகிறேன். டீயை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறேன். மாத்திரை ராத்திரிதான்.